பட்டியல் கை மாறிய கதை

மூன்று அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் அளவுள்ள ஒரு அட்டை. மேலே பாடகர் பெயர், அதன் கீழே பாட்டின் பெயர். ஓரத்தில் பாட்டு எவ்வளவு நேரம் ஓடும், குரல் தொடங்குமுன் வாத்திய இசை எத்தனை விநாடி வரும் என்ற குறிப்பு. மூலையில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு வண்ணப் பொட்டு. 1970களில் அமெரிக்க ராக் வானொலிக் கலையகங்கள் பலவற்றில், டிஜேயின் கை எட்டும் தூரத்தில் இப்படிப்பட்ட அட்டைகள் அடுக்கிய பெட்டி இருந்தது. முன்னால் நிற்கும் அட்டையை எடுக்க வேண்டும், அந்தப் பாட்டைப் போட வேண்டும், அட்டையைக் கடைசியில் செருக வேண்டும். எந்த வண்ணத்துக்குப் பிறகு எந்த வண்ணம் என்பதைச் சுவரில் ஒட்டியிருந்த கடிகார வட்டம் காட்டியது. பிடிக்காத பாட்டு வந்தால் யாரும் பார்க்காதபோது அட்டையை இரண்டு இடம் பின்னால் தள்ளுவது அந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்த கைவித்தை.

ராக் வானொலியில் டிஜேயின் சுதந்திரம் போய்விட்டது என்று வருந்துவோர் பலரும், இந்த அட்டைகளின் வழியே பாட்டுகளின் வரிசையை முன்கூட்டியே வகுத்த பட்டியலையே குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். அதன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அது யார் கையில் இருந்தது, அந்தக் கை பாட்டு ஒலிக்கும் ஊரில் இருந்ததா, பாட்டைப் போடுபவரின் காதும் பட்டியலை எழுதியவரின் காதும் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதில்தான் இசையின் தலையெழுத்து இருந்திருக்கிறது.

பட்டியல் பிறந்த ஊர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா. பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளையான டாட் ஸ்டார்ஸ், 1949இல் தந்தையோடு சேர்ந்து கேஓடபிள்யூஎச் என்ற நிலையத்தை வாங்கினார். பகலில் மட்டும் ஒலிபரப்ப அனுமதி பெற்ற சின்ன நிலையம். நாடகமும் நகைச்சுவைத் தொடர்களும் வானொலியை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டார்ஸும் அவருடைய நிகழ்ச்சி இயக்குநர் பில் ஸ்டூவர்ட்டும் ஒரு மதுக்கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்களாம். வாடிக்கையாளர்கள் ஜூக்பாக்ஸில் காசு போட்டு அதே சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடை மூடும் நேரத்தில், நாளெல்லாம் அதைக் கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பரிமாறும் பெண், தன் சொந்தக் காசைப் போட்டு அதே பாட்டை மறுபடி ஒலிக்கவிட்டார். நடந்த ஆண்டும் இடமும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. ஆனால் ஸ்டார்ஸ் தன் நிலையங்களில் செய்தது மாறாத உண்மை: ஊரில் அதிகம் விற்கும், அதிகம் கேட்கப்படும் பாட்டுகளைக் கணக்கெடுத்து, அந்தச் சிறு தொகுப்பையே நாள் முழுக்கச் சுழலவிட்டார். டாப் 40 என்ற முறை அங்கிருந்து கிளம்பியது. டல்லஸின் கேஎல்ஐஎஃப் நிலையத்தில் கார்டன் மெக்லெண்டன் அதைக் கையில் எடுத்து நாடறியச் செய்தார்.

இந்த முதல் பட்டியலிடம் எனக்கு மரியாதை உண்டு. ஒமாஹாவின் ரசனையை ஒமாஹாவில் இருந்தவர்களே எழுதிவைத்த காகிதம் அது.

அதே ஆண்டுகளில் வேறு ஊர்களில் டிஜேக்கள் தங்கள் தட்டுகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கிளீவ்லாந்தில் 1951இல் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கிய ஆலன் ஃப்ரீட், கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளை வெள்ளையின இளைஞர்களின் காதுக்குக் கொண்டுபோனவர். ராக் அண்ட் ரோல் என்ற பெயரை ஊரறியச் செய்தவரும் அவரே. 1954இல் நியூயார்க் போனார். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்த இடத்துக்குப் பணமும் தேடி வந்தது. தட்டு நிறுவனங்களின் ஆட்கள் உறையில் பணம் கொடுத்தார்கள். சில பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவராக டிஜேயின் பெயரையே சேர்த்தார்கள். சக் பெரியின் 'மேபெலீன்' தட்டில் ஃப்ரீட்டின் பெயர் அப்படித்தான் ஏறியது. 1959 நவம்பரில், அவர் அப்போது வேலை பார்த்த டபிள்யூஏபிசி நிலையம், இப்படிப் பணம் வாங்கியதில்லை என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னது. ஃப்ரீட் மறுத்தார், வேலை போயிற்று. 1962இல் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர்தான், ஆனால் வாழ்க்கை அதற்குள் குலைந்திருந்தது. 1965 ஜனவரியில், 43 வயதில் இறந்துபோனார்.

அமெரிக்க காங்கிரஸ் 1960இல் சட்டத்தைத் திருத்தியது. நேயர்களுக்கு அறிவிக்காமல் பணம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. நிலைய உரிமையாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம்தான் இந்தக் கதையின் முதல் பெரிய திருப்பம். தேர்வை டிஜேக்களிடமிருந்து எடுத்து நிகழ்ச்சி இயக்குநரின் மேசையில் வைத்தார்கள். பத்துப் பேர் தேர்ந்தெடுத்தால் பத்து வாசல், ஒருவர் தேர்ந்தெடுத்தால் ஒரே வாசல், காவலும் எளிது என்பது அவர்கள் கணக்கு. காசு வாங்காத டிஜேக்களும் அன்றோடு தேர்வுரிமையை இழந்தார்கள். நேர்மையின் பெயரால் எடுக்கப்பட்டதால் அதை எதிர்த்துப் பேச யாராலும் முடியவில்லை. 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் கேஎச்ஜே நிலையத்தைச் சீரமைத்த பில் டிரேக், பட்டியலை முப்பது பாட்டுகள் அளவுக்குச் சுருக்கி, டிஜேயின் பேச்சையும் விநாடிகளில் அளந்தார். வெற்றியும் பெற்றார்.

பிறகு சில ஆண்டுகளுக்கு எஃப்எம் ராக் நிலையங்களில் பட்டியல் காணாமலே போனது. அதற்கு வழிவிட்டது ஓர் அரசாங்க விதி என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஏஎம், எஃப்எம் இரண்டும் வைத்திருந்த உரிமையாளர்கள் ஏஎம்மில் வருவதையே எஃப்எம்மிலும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய நகரங்களில் எஃப்எம் நேரத்தில் பாதிக்கு மேல் அப்படி நிரப்பக் கூடாது என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விதித்தது. 1967இல் அது நடைமுறைக்கு வந்தபோது, தெளிவான ஸ்டீரியோ ஒலி தரக்கூடிய ஒரு முழு அலைப்பட்டையில் நிரப்ப வேண்டிய நேரம் ஏராளமாகக் கிடந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் டாம் டோனஹ்யூ என்ற பெருத்த உருவமும் அதைவிடப் பெருத்த குரலும் கொண்ட மனிதர் இருந்தார். டாப் 40 நிலையங்களில் வேலை பார்த்து அந்த முறையின் நரம்பெல்லாம் தெரிந்தவர். வாங்கிவந்த நீண்ட இசைத்தட்டுகளை வீட்டில் நண்பர்களோடு கேட்டுக்கொண்டிருந்தபோது, இவற்றை ஏன் எந்த நிலையமும் ஒலிபரப்புவதில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எஃப்எம் நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசினார். ஒரு நிலையத்தின் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. கட்டணம் கட்ட முடியாத நிலையம் தன் பேச்சைக் கேட்கும் என்று அவர் முடிவுகட்டினார் என்பார்கள். வெளிநாட்டு மொழி நிகழ்ச்சிகளுக்கு நேரத்தை விற்றுக் காலம் தள்ளிய கேஎம்பிஎக்ஸ்தான் அது. 1967 ஏப்ரல் 7 இரவு டோனஹ்யூ அங்கே ஒலிபரப்பத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் புதிதாகத் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இதழில் டாப் 40 ஏஎம் வானொலியை அழுகும் பிணம் என்று எழுதினார்.

அந்தச் சுதந்திரம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கலையகத்தில் சுவர் நிறையத் தட்டுகள். டிஜே எழுந்து போய் எடுத்துவருவார். ப்ளூஸ் பாட்டு ஒன்று முடியும் சுருதியில் ராக் பாட்டு ஒன்று தொடங்குவதைக் காதால் கண்டுபிடித்து, இரண்டு சுழல்மேடைகளை வைத்து ஒன்றை மற்றொன்றுக்குள் கரையவிடுவார். ரவி சங்கரின் சிதாருக்குப் பின் நாட்டுப்புறப் பாட்டு, அதற்குப் பின் பதினோரு நிமிட கிட்டார் ஆலாபனை. இடையில் பேச்சில்லாமல் நாலைந்து பாட்டுகள் தொடர்ந்து போகும், பிறகுதான் மெல்லிய குரலில் பெயர்களைச் சொல்வார். ஊரில் போருக்கு எதிராக ஊர்வலம் நடந்தால் அன்றைய வரிசை அதற்கேற்ப மாறும். மழை பெய்தாலும் மாறும். தனித்தனிப் பாட்டுகள் அந்த வரிசையில் சேர்ந்து, பாட்டெழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு பொருளைச் சொல்லத் தொடங்கின. அதைப் படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு ராகமாலிகையில் ராகங்களைத் தேர்ந்து அடுக்குபவரின் திறமையை நாம் படைப்பாக மதிப்பது போலத்தான் இதுவும்.

கேஎம்பிஎக்ஸ் இன்னொன்றும் செய்தது. ஒலிப்பொறியாளர் நாற்காலியில் பெண்களை உட்காரவைத்தது. அவர்களில் ஒருவர் டஸ்டி ஸ்ட்ரீட். அவர் பெயரை நினைவில் வைத்திருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன், பட்டியலின் பின்னாலேயே அவரும் ஊர் ஊராகப் போகப்போகிறார்.

1968 மார்ச்சில் சம்பளத்துக்காகவும் நிர்வாகத்தின் கெடுபிடிக்கு எதிராகவும் கேஎம்பிஎக்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிரேட்ஃபுல் டெட் உள்ளிட்ட இசைக்குழுக்கள் அவர்கள் பக்கம் நின்றன. இரண்டு மாதத்தில் டோனஹ்யூவும் பெரும்பாலோரும் மெட்ரோமீடியா நிறுவனத்தின் நிலையம் ஒன்றுக்குப் போய், அதைக் கேஎஸ்ஏஎன் என்ற புகழ்பெற்ற நிலையமாக்கினார்கள். நியூயார்க்கில் டபிள்யூஎன்இடபிள்யூ எஃப்எம்மில் இதே வழியில் போனவர்கள் ராஸ்கோ, ஸ்காட் முனி, இரவின் குரலாக ஆலிசன் ஸ்டீல். இங்கிலாந்தில் பிபிசியின் ரேடியோ 1 இல் ஜான் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை தான் விரும்பியதைப் போட்டார். 1978 செப்டம்பரில் அண்டர்டோன்ஸ் என்ற அறியப்படாத குழுவின் ஒரு பாட்டைப் போட்டு, முடிந்ததும் உடனே அதையே மறுபடி போட்டார். எந்தப் பட்டியலும், எந்தக் கணிப்பொறியும் அந்த இரண்டாம் முறைக்கு அனுமதி தந்திருக்காது. ஆனால் பீலின் சம்பளம் பிபிசிக்காக மக்கள் செலுத்திய உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது. விளம்பரதாரருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் அவருடைய சகாக்களுக்கு அந்த நிழல் கிடையாது.

எஃப்எம் வளர்ந்தது, காசு பார்க்கத் தொடங்கியது, பட்டியல் திரும்பி வந்தது. இம்முறை அதைச் சுமந்து வந்தவர் நிலையத்து ஆளே அல்ல. லீ ஏப்ரம்ஸ் இருபது வயதைத் தாண்டியவுடனே வட கரோலினாவின் ராலே நகரில் டபிள்யூகியூடிஆர் நிலையத்தில் தன் 'சூப்பர்ஸ்டார்ஸ்' முறையைப் பரிசோதித்தார். தட்டு வாங்குபவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, தொலைபேசியில் பேசி, ராக் ரசிகர்கள் எந்தக் கலைஞரின் எந்தப் பாட்டை விரும்புகிறார்கள் என்று தொகுத்தார். பிறகு கென்ட் பர்கார்ட்டோடு சேர்ந்து அட்லாண்டாவில் ஆலோசனை நிறுவனம் நடத்தினார். 1970களின் இறுதிக்குள் நாடெங்கும் ஏராளமான நிலையங்கள் அவர்கள் சொன்ன பாட்டுகளைச் சுழற்றின. தொடக்கத்தில் நாம் பார்த்த அட்டைப்பெட்டி பரவலான காலம் அது. ஏப்ரம்ஸ் இசையை வெறுத்தவர் அல்லர், ராக் மீது உண்மையான பித்து அவருக்கு. நேயர்கள் அதிகரித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பட்டியல் முதன்முறையாக ஊரை விட்டு வெளியே போனது. போகும்போது வேறொன்றும் நடந்தது. பெரும்பாலும் வெள்ளையினரான ராக் ரசிகர்களைக் கேட்டுத் தொகுத்த கணக்கில் கறுப்பினக் கலைஞர்களுக்கு ஏறக்குறைய இடமில்லாமல் போயிற்று. கேஎம்பிஎக்ஸ் வரிசையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டிஸ் ரெட்டிங் இருக்கலாம். புதிய கணக்கில் ஹெண்ட்ரிக்ஸ் மட்டும் தங்கினார். டோனஹ்யூ 1975இலேயே இறந்துவிட்டார். கேஎஸ்ஏஎன் 1980இல் கன்ட்ரி இசை நிலையமாக மாறியது.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததுதான் மாடர்ன் ராக் வானொலி. அது பட்டியலை ஒழித்து எழவில்லை, அதைத் திருப்பிப் பிடித்து எழுந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பாசடீனாவில் கேஆர்ஓக்யூ என்று ஒரு நிலையம், மக்கள் வாயில் கே-ராக். பணமின்றி 1974இல் மூடி, 1976இல் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ராட்னி பிங்கன்ஹைமர் என்ற மெல்லிய குரல்காரர் ஞாயிறு இரவு நிகழ்ச்சி தொடங்கினார். வானொலிக் குரல் என்று சொல்லத்தக்க எதுவும் அவரிடம் இல்லை. இருந்ததெல்லாம் காது. ரமோன்ஸ், ப்ளாண்டி, பிறகு கோ-கோஸ் என்று வேறெவரும் தொடாத குழுக்களைப் போட்டார். நிகழ்ச்சி இயக்குநராக 1979இல் வந்தவர் ரிக் கேரல். டாப் 40 பள்ளியில் பயின்றவர். நிலையத்தில் யார் எதை வேண்டுமானாலும் போடும் வழக்கத்தை முடித்தார். கடிகார வட்டமும் சுழற்சியும் வந்தன. ஆனால் அந்தச் சுழற்சிக்குள் அவர் போட்டது ராட்னி போன்றோர் கண்டெடுத்த பங்க், நியூ வேவ் பாட்டுகளை. டெவோ, டெபெஷ் மோட், எக்ஸ் ஆகிய குழுக்களின் பாட்டுகள், வேறொரு நிலையத்தில் வெற்றிப் பாட்டுகள் சுழல்வது போல, பகல் முழுக்கச் சுழன்றன. கேட்டறியாத பாட்டை ஒருமுறை போட்டால் அது காற்றில் போய்விடும். ஒரு நாளைக்கு ஆறு முறை போட்டால் பள்ளி வாசலில் பிள்ளைகள் பாடிக்கொண்டு நிற்பார்கள். ஸ்டார்ஸின் ஜூக்பாக்ஸ் பாடம் இங்கே புதிய இசைக்கு வேலை செய்தது.

டஸ்டி ஸ்ட்ரீட் இப்போது இங்கேதான் இருந்தார். கேஎஸ்ஏஎன்னில் டிஜேயாகி, அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்து 1980களில் கே-ராக்கின் மாலைக் குரலானார். தட்டைச் சுவரிலிருந்து எடுத்த தலைமுறையும் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்த தலைமுறையும் அவரில் ஒன்றாக வாழ்ந்தன. பட்டியல் எழுதுபவர் அடுத்த அறையில் இருந்தார், சண்டை போடலாம், புதுத் தட்டை அவர் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம். பேச்சிலும் மனநிலையிலும் ஒவ்வொரு டிஜேயும் அவரவராகவே இருந்தார். சுதந்திரத்தின் அளவு குறைந்தது, ஆனால் அது உயிரோடிருந்தது.

நாட்டின் மறுகோடியில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், டபிள்யூஎல்ஐஆர் என்ற 3,000 வாட் நிலையம் 1982 ஆகஸ்ட்டில் புதிய இசைக்கு மாறியது. நிகழ்ச்சி இயக்குநர் டெனிஸ் மெக்னமாரா. ராக்கின் பெரிய பெயர்களைப் போட்டு நியூயார்க்கின் வலிமையான நிலையங்களோடு மோத முடியாது என்ற கட்டாயத்தில் எடுத்த முடிவு. பிரிட்டனில் வெளியான தட்டுகள் விமானத்தில் வந்து இறங்கியவுடன் வாங்கிவந்து, அமெரிக்காவில் வெளியாகும் முன்பே ஒலிபரப்பினார்கள். வாரந்தோறும் புதுப் பாட்டுகளில் எது சிறந்தது என்று நேயர்கள் தொலைபேசியில் வாக்களித்தார்கள். பட்டியலின் மீது நேயரின் கையும் பட்டது. வாஷிங்டனை ஒட்டிய டபிள்யூஎச்எஃப்எஸ், ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற கல்லூரி ஊரில் டபிள்யூஓஎக்ஸ்ஒய் என்று அங்கங்கே இத்தகைய நிலையங்கள். 1988 செப்டம்பரில் பில்போர்டு இதழ் மாடர்ன் ராக்கிற்கெனத் தனி வரிசைப்பட்டியல் தொடங்கியபோது முதலிடத்தில் இருந்தவர்கள் சூசி அண்ட் த பன்ஷீஸ். சிதறிக் கிடந்த நிலையங்களுக்குப் பொதுவான ஒரு பெயரும் அளவுகோலும் கிடைத்தன. பெரிய பணம் அந்த அளவுகோலைக் கண்டு வந்தது. கே-ராக்கை 1986இலேயே இன்ஃபினிட்டி நிறுவனம் 45 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. 1974இல் பணமில்லாமல் மூடிக்கிடந்த அதே நிலையத்தை.

அட்டை இதற்குள் உடல் மாறத் தொடங்கியிருந்தது. என்பிசியின் கணினிப் பிரிவில் பணியாற்றிய ஆண்ட்ரூ எகனோமோஸ் 1979இல் ஆர்சிஎஸ் என்ற நிறுவனம் தொடங்கி 'செலக்டர்' என்ற மென்பொருளை எழுதினார். அட்டையில் இருந்த எல்லாக் குறிப்பும் அதற்குள் போயிற்று, இன்னும் பலவும் சேர்ந்தன: பாட்டின் வேகம், மனநிலை, ஒலியின் கனம், பாடுவது ஆணா பெண்ணா, ஒரே கலைஞர் மறுபடி வர எத்தனை நிமிட இடைவெளி, நேற்று காலை ஒலித்த பாட்டு இன்று காலை வராதிருக்க என்ன செய்வது. இவற்றை விதிகளாக எழுதிவிட்டால் மறுநாளின் முழு வரிசையையும் அது அச்சடித்துத் தரும். நல்ல நிகழ்ச்சி இயக்குநர் அந்த வரிசையைப் பேனாவோடு உட்கார்ந்து திருத்தினார். அவசரக்காரர் அப்படியே அனுப்பினார். பெட்டியில் இரண்டு அட்டை பின்னால் தள்ளும் கைவித்தை மட்டும் முடிவுக்கு வந்தது. விதி மீறினால் எது ஒலித்தது, எது ஒலிக்கவில்லை என்று இயந்திரம் எழுதிவைத்தது.

1991இல் நிர்வாணா குழு பெற்ற வெற்றிக்குப் பிறகு மாடர்ன் ராக் பெருவணிகமானது. நேற்றுவரை வேறு இசை போட்ட நிலையங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வந்தன. பாட்டின் கவர்ச்சியான சில விநாடிகளைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டு, தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று கேட்கும் ஆய்வு எல்லாவற்றுக்கும் தலைவனாயிற்று. தெரியாத பாட்டு இந்தக் கேள்வியில் எப்போதும் தோற்கும். ஜான் பீல் இரண்டு முறை போட்ட பாட்டும் முதல் வாரத்தில் இதில் தோற்றிருக்கும்.

1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. அதற்கு முன் 20 ஏஎம், 20 எஃப்எம். சில ஆண்டுகளில் சான் அன்டோனியோவைத் தலைமையிடமாகக் கொண்ட கிளியர் சேனல் நிறுவனத்திடம் மட்டும் சுமார் 1,200 நிலையங்கள். வாங்கக் கடன் பட்டார்கள், கடனை அடைக்க ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு நகரத்து டிஜே, தான் பார்த்தே இராத நகரங்களுக்காகத் தன் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து அனுப்புவது வழக்கமானது. நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாட்டை அவர் கேட்பதும் இல்லை, அதன் கடைசி விநாடிகள் மட்டுமே காதில் விழும். பட்டியல் ஊரைவிட்டுப் போனது ஏப்ரம்ஸ் காலத்தில். இப்போது அதைத் தொடர்ந்து டிஜேயும் ஊரைவிட்டுப் போனார்.

1960இல் சொன்ன காரணத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். லஞ்சத்தைத் தடுக்கத்தான் தேர்வை டிஜேயிடமிருந்து பறித்தார்கள். நியூயார்க்கின் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் 2000களில் தட்டு நிறுவனங்களை விசாரித்தபோது, நிகழ்ச்சி இயக்குநர்களுக்குப் பயணங்களும் மின்னணுப் பொருட்களும், நிலையங்களுக்குப் போட்டிப் பரிசுகளும் செலவுத் தொகையும் போய்க்கொண்டிருந்தது வெளிவந்தது. 2005 ஜூலையில் சோனி பிஎம்ஜி 10 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. மற்றப் பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. 2007இல் கிளியர் சேனல் உட்பட நான்கு வானொலி நிறுவனங்கள் மத்திய ஆணையத்துக்கு 12.5 மில்லியன் டாலர் செலுத்தின. சுயேச்சைக் கலைஞர்களுக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் 8,400 அரைமணி நேரங்கள் ஒதுக்கவும் இசைந்தன. பட்டியல் எங்கே போனாலும் பணம் அதன் பின்னாலேயே போயிருக்கிறது. டிஜேக்கள் இழந்தது வீணாகத்தான் போயிற்று. ஃப்ரீட்டுக்கு 300 டாலர் அபராதம் விதித்த நாட்டில் இப்படி நடந்ததை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எதிர்த்து நின்றவர்கள் இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஜிம் லாட், கேஎல்ஓஎஸ் என்ற வணிக நிலையத்தில் பட்டியலின்றித் தன் வரிசையைத் தானே அமைக்கும் உரிமையை 2011 வரை காப்பாற்றினார். ராக் பாடகர் டாம் பெட்டி 2002இல் கடைசி டிஜேயைப் பற்றிப் பாட்டெழுதியபோது மனதில் இருந்தவர் அவர் என்பார்கள். நிலையம் கை மாறிய 2011இன் அக்டோபரில் லாடுக்கு வேலை போனது. அதே நகரில் 2003 கடைசியில் தொடங்கிய இண்டி 103.1, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸிடம் மதிய நேரத்தை ஒப்படைத்தது. அவர் வீட்டிலிருந்து குறுந்தகடுகள் கொண்டுவந்தார், ஒலிவாங்கி முன் சீட்டியடித்தார், கிட்டார் மீட்டினார், பேச்சு மறந்து மௌனமாகவும் இருந்தார். கேட்டவர்கள் அவரை விட்டு நகரவில்லை. 2009 ஜனவரியில், நேயர் எண்ணிக்கையை அளக்கும் முறை மாறிவிட்டதையும் தொழிலின் போக்கையும் காரணமாகச் சொல்லி, இண்டி 103.1 எஃப்எம்மை விட்டு விலகியது. டபிள்யூஎச்எஃப்எஸ் 2005 ஜனவரியில் ஒரு நண்பகலில் முன்னறிவிப்பின்றி ஸ்பானிய நிலையமானது. டபிள்யூஓஎக்ஸ்ஒய் இணையத்தில் தாக்குப்பிடித்து 2010இல் ஓய்ந்தது. லாடும் டஸ்டி ஸ்ட்ரீட்டும் செயற்கைக்கோள் வானொலியின் ஒரே சேனலில் தங்கள் தட்டுகளைத் தாங்களே எடுத்தபடி கடைசி ஆண்டுகளைக் கழித்தார்கள். இருவரும் 2023இல் இரண்டு மாத இடைவெளியில் இறந்தார்கள். ராட்னியின் ஞாயிறு இரவு 2017 வரை நீடித்தது. கே-ராக்கின் பட்டியல் இறுகிக்கொண்டே போன நாற்பது ஆண்டுகளும் அந்தப் பட்டியலில் ஒரு சன்னல் திறந்திருந்தது. பகலில் பணம் ஈட்டிய பாட்டுகளில் பல அந்தச் சன்னல் வழியாக வந்தவை. ஒவ்வொரு வணிக நிலையத்திலும் ஒவ்வொரு டிஜேக்கும் மணிக்கு ஒரு பாட்டாவது சொந்தத் தேர்வாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இரக்கத்தால் அல்ல. அடுத்த ஆண்டின் பட்டியலை நிரப்ப வேறு வழியில்லை.

வேறு வகையில் இதைச் சாதித்துக்காட்டியது சியாட்டல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் மாணவர் நிலையமாகப் பிறந்த கேசிஎம்யூவில், பின்னாளில் சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டார் கலைஞரான கிம் தயிலும் மட்ஹனி குழுவின் மார்க் ஆர்மும் டிஜேக்களாக இருந்தார்கள். அங்கே தட்டு உறைகளில் டிஜேக்கள் தங்கள் கருத்தைக் கையால் எழுதி ஒட்டினார்கள். அடுத்தவர் அதற்குக் கீழே மறுத்து எழுதுவார். அட்டையில் வண்ணப் பொட்டு இருந்த இடத்தில் இங்கே மனிதர்கள் விவாதித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நிர்வாகம் வெளியிலிருந்து தயாரித்து வந்த நிகழ்ச்சிகளைப் புகுத்தியபோது தன்னார்வ டிஜேக்கள் எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2001இல் மைக்ரோசாஃப்ட்டின் இணை நிறுவனர் பால் ஆலனின் உதவியோடு அது கேஇஎக்ஸ்பி ஆயிற்று. புதிதாக வந்தவற்றில் கவனிக்க வேண்டியவை இவை என்று நிலையம் ஓர் அலமாரியைக் காட்டுகிறது. அதிலிருந்து எதை, எதற்குப் பின் எடுப்பது என்பதை டிஜே தீர்மானிக்கிறார். செலவில் பெரும்பகுதியை நேயர்கள் நன்கொடையாகத் தருகிறார்கள்.

2023 இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் திவாலான ஓர் எஃப்எம் நிலையத்தை ஏலத்தில் 3.75 மில்லியன் டாலருக்கு கேஇஎக்ஸ்பி வாங்கியது. 2024 மார்ச் முதல் 92.7 அலைவரிசையில் அதன் ஒலிபரப்பு அங்கே கேட்கிறது. மகிழ்ச்சிதான், கூடவே ஒரு கவலையும் எனக்கு உண்டு. பாட்டை எடுப்பவர் பெரும்பாலான நேரம் சாலை வழியே சுமார் 1,300 கிலோமீட்டர் வடக்கே, சியாட்டலில் இருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் மூடுபனி இறங்குவது அவருக்குத் தெரியாது. அவ்வட்டாரக் கலைஞர்களுக்கென்று ஒரு தனி நிகழ்ச்சியையும் நிலையம் தொடங்கியிருக்கிறது. அந்த ஒரு நிகழ்ச்சி பலவாக வேண்டும், டோனஹ்யூவின் ஊரில் ஒரு கலையகமும் அதில் தட்டுகளும் அவற்றை எழுந்துபோய் எடுக்க அந்த ஊர்க்காரர்களும் வேண்டும்.